கண்ணும் கையும்: கண்காணிப்பைக் குறிக்கும் சில ஆங்கில வினைச்சொற்கள்

(சங்கத்தின் வெள்ளி விழா இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் வாழ்த்துரை வழங்குவதற்குத் தகுதியானோர் பலர் மேடையில் இருக்கின்றனர். ஆதலின் நாம் வாழ்த்தை இவ்வொரு வரியோடு முடித்துக்கொண்டு, பாடம் நடத்தவே விரும்புகிறோம். ஒருவர் செய்யும் வேலையை இன்னொருவர் பார்த்திருத்தல், நெறிப்படுத்தல், அடக்கி ஆளுதல் ஆகியவற்றை உணர்த்தும் ஆங்கில வினைச்சொற்களே இன்றைய பாடம். சூப்பர்வைஸ், ஓவர்சீ, மானிட்டர், இன்ஸ்பெக்ட், ரெகுலேட், கண்ட்ரோல் என்பவை அவற்றுள் முதன்மையானவை. பார்வைக்கு இவை ஒரு தாய் மக்கள் போலத் தோன்றும். பாகப்பிரிவினை என்று வரும்போதுதான் யாருக்கு எவ்வளவு நிலம் என்பது தெரியும்.

இலக்கணப் பாடத்துக்கு இதுவா இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நம் சமுதாயத்து இளைஞர்கள் ஆங்கிலம் எழுத நேர்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று வேலைக்கான விண்ணப்பம்; மற்றொன்று அதிகாரிக்கோ ஆணையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ எழுதும் மனு. இரண்டிலும் இச்சொற்கள் வந்தே தீரும். மனுவில் ஒரு சொல் மாறினால், கேட்ட உரிமை வேறு, கிடைக்கும் விடை வேறு என்றாகிவிடுகிறது. அதனாற்றான் இதனை எடுத்துக்கொண்டோம்.

இதில் நமக்குள்ள இடர்ப்பாடு தமிழிலிருந்தே தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு நடக்கும் கூடத்தில் பொறுப்பேற்பவர் முதன்மைக் கண்காணிப்பாளர்; அறைதோறும் நிற்பவர் அறைக் கண்காணிப்பாளர். மாவட்டக் காவல்துறைக்குத் தலைவர் காவல் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் எழுத்தர்களுக்கு மேலே அமர்ந்திருப்பவரும் கண்காணிப்பாளரே. பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளருக்கு மேல் நிலையில் கண்காணிப்புப் பொறியாளர். கடைவீதிக் கம்பத்தில் பொருத்தியிருப்பது கண்காணிப்புக் காமிரா. துப்பாக்கி ஏந்திய படைக்குத் தலைவரும், மூன்று மணி நேரம் விடைத்தாள்களின் நடுவே உலாவும் ஆசிரியரும், கம்பத்தில் தொங்கும் கருவியும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். தமிழிலே எண்ணி ஆங்கிலத்திலே எழுதும் மாணவன், கைக்கு முதலில் கிடைத்த ஆங்கிலச் சொல்லை அங்கே வைத்துவிடுகிறான். அது அவன் குற்றமன்று. ஆயினும் விளைவு அவனைச் சேர்கிறது.

கண்காணி என்னும் சொல்லின் கதையையும் சிறிது சொல்லியாக வேண்டும். சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் ‘பன்மாகேசுவரக் கண்காணி’ என்னும் தொடர் காணப்படுகிறது. அறக்கட்டளைகள் ஒழுங்காக நடைபெறுகின்றனவா என்று பார்த்திருந்த கூட்டத்தாரை அது குறிக்கும். (அக்கோயில்கள் பலவற்றுள் நம் முன்னோர் கால் வைக்க 1939-ஆம் ஆண்டு மதுரை ஆலயப் பிரவேசம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்பது தனிக் கதை.) இதே சொல் 19-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்தது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களிலும், பின்னர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் ‘கங்காணி’ என்று திரிந்து, ஆங்கில அகராதியிலும் ஏறிக்கொண்டது. தமிழ் ஆங்கிலத்துக்கு ஈந்த சொற்களுள் நம் மக்களின் முதுகுத் தழும்போடு சென்ற சொல் இது.

கங்காணி என்பவர் யார்? ஊருக்கு வந்து ஆள் திரட்டியவர் அவரே. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்துக் கடன்காரனாக்கியவரும் அவரே. விடியுமுன் பெரட்டுக்கு நிறுத்தி ஆள் எண்ணியவர், மலையிலே நிரை பிடித்து வேலை வாங்கியவர், துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று பேசியவர் எல்லாம் அவரே. இலங்கையில் தலைமைக் கங்காணிக்கு, அவர் கணக்கிலிருந்து வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் ஒரு சிறு தொகை தரப்பட்டது. தொழிலாளர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சமுதாயத்தினர். தலைமைக் கங்காணிமார் பலர் சாதியிலும் மேலே நின்றவர். தொழிலாளி தோட்டம் மாறக் கடன் கணக்குத் ‘துண்டு’ வேண்டும் என்ற வழக்கம் இலங்கையில் 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது. அரசு உதவியோடு தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு மலாயாவுக்கு 1938-இலும் இலங்கைக்கு 1939-இலும் நிறுத்திற்று.

கண்ணால் காண்பவர் என்னும் பெயர் பெற்றவர், உண்மையில் கூலியையும் கடனையும் வழியையும் கையில் வைத்திருந்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சொல் கண்ணைச் சொல்லிற்று. அதிகாரம் கையில் இருந்தது. ஆங்கில வினைச்சொற்களை எடைபோடவும் இதையே படிக்கல்லாகக் கொள்வோம். இச்சொல் கண்ணை மட்டும் தருகிறதா, கையையும் தருகிறதா? கை என்றால் எவ்வளவு நீளமான கை?

முதலில் சூப்பர்வைஸ், ஓவர்சீ என்னும் இரண்டு. முன்னது இலத்தீன் வழி வந்தது, பின்னது ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. இரண்டுக்கும் பொருட்பிரிப்பு ஒன்றே: மேலே நின்று பார்த்தல். வழக்கில் மட்டும் வேறுபட்டுவிட்டன. சூப்பர்வைஸ் செய்பவர் வேலைக்கு அருகே நிற்கிறார். ஆளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். தவறு கண்டால் அங்கேயே மாற்றிச் செய்யச் சொல்கிறார். கட்டட வேலையில் மேஸ்திரி செய்வது இது. ஓவர்சீ செய்பவர் சற்றுத் தொலைவில், முழுத் திட்டமும் முடிவதற்குப் பொறுப்பாக நிற்கிறார். ஆனால் பழைய ஓவர்சீயர் அவ்வளவு தொலைவில் நிற்கவில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் உழைத்த பருத்தித் தோட்டங்களில் சவுக்கோடு வலம் வந்தவனுக்கு ஓவர்சீயர் என்றே பெயர். நம் நாட்டில் அப்பெயர் சாலையும் கால்வாயும் போடும் பொதுப்பணி ஊழியருக்கு வந்து, இன்றும் கிராமங்களில் ‘ஓவர்சீயர்’ என்றால் எல்லார்க்கும் தெரிகிறது.

ஓவர்சீ என்பதன் பக்கத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் பெயர்ச்சொல்லாகிய ஓவர்சைட் என்பதற்கு மேற்பார்வை என்றும் பொருள். கவனக்குறைவு என்றும் பொருள். ‘டியூ டு ஓவர்சைட்’ என்று அலுவலகக் கடிதத்தில் வந்தால் கவனக்குறைவால் நேர்ந்தது என்று அறிக. ‘அண்டர் த ஓவர்சைட் ஆஃப்’ என்றால் இன்னாருடைய மேற்பார்வையில் என்பதாம். ஓவர்லுக் என்னும் வினையோ இன்னும் பொல்லாதது. ‘தலைமையாசிரியர் சத்துணவுத் திட்டத்தை ஓவர்லுக் செய்கிறார்’ என்று ஒருவன் எழுதினால், அவர் அதனைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார் என்றே படிப்போர் கொள்வர். பாராட்டு எழுத நினைத்துப் புகார் எழுதிவிட்டான்!

இன்ஸ்பெக்ட் என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டா. ஒரு நாள் வந்து, ஏட்டைப் புரட்டிப் பார்த்து, குறிப்பெழுதிச் செல்லுதல். சுண்ணாம்பு அடித்த சுவர் அவருக்குத் தெரியும். அடிக்காத நாட்களின் சுவர் தெரியாது.

மானிட்டர் என்னும் சொல்லுக்கு நம் சென்னையோடு ஓர் உறவுண்டு. அதன் இலத்தீன் வேர், எச்சரித்தல் என்னும் பொருளது. பள்ளியில் சக மாணவரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு இங்கிலாந்தில் இப்பெயர் முன்பே வழங்கிற்று. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குச் சூப்பரிண்டெண்டாக அமர்ந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியில் கொணர்ந்தார். மூத்த மாணவரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்தார். 1797-இல் லண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்ற அதுவும், லங்காஸ்டர் என்பார் லண்டனில் நடத்திய அதனையொத்த முறையும் பல நாடுகளில் பரவின. அவற்றோடு மானிட்டர் என்னும் பெயரும் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளியில் அப்பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். நம் சமுதாயத்துக் குழந்தைகளைப் பொதுவாக ஏற்காத திண்ணை அது; அதன் மணல் மட்டும் உலகைச் சுற்றி வந்துவிட்டது.

சட்டாம்பிள்ளையை நினைவில் வைத்தால் மானிட்டர் என்னும் வினையின் பொருள் ஒருபோதும் பிசகாது. சட்டாம்பிள்ளை பேசினவன் பெயரைப் பலகையில் எழுதலாம், ஆசிரியரிடம் சொல்லலாம். பிரம்பு ஆசிரியர் கையில் இருக்கிறது. மானிட்டர் செய்தல் என்பது தொடர்ந்து பார்த்திருத்தல், குறித்துவைத்தல், பிசகு கண்டால் உரியவருக்கு அறிவித்தல். மருத்துவமனையில் நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் பெட்டிக்கும் மானிட்டர் என்றே பெயர். அது ஒலி எழுப்பும், மருந்து கொடுக்காது.

இனி இச்சொல் நம் வாழ்வில் எங்கே வருகிறதென்று பாருங்கள். அரசியலமைப்பின் 338-ஆம் பிரிவு, தாழ்த்தப்பட்டோருக்கான தேசிய ஆணையத்தின் கடமைகளைக் கூறும்போது, பாதுகாப்புகள் தொடர்பானவற்றைப் புலனாய்வு செய்தல், மானிட்டர் செய்தல், மதிப்பிடுதல் என்று சொல்லுகிறது. விசாரணையின்போது சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அதற்கு உண்டு. இதை வைத்துக்கொண்டு பதவி உயர்வு ஒன்றுக்குத் தடையாணை வழங்கலாமா என்று ஒரு வங்கி ஊழியர் நலச் சங்க வழக்கில் கேள்வி எழுந்தது. தடையாணை வழங்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆணையத்துக்கு எழுதுவது வீண் என்று இதற்குப் பொருளன்று. விசாரித்து அறிக்கை தருக, உரியவருக்குப் பரிந்துரை செய்க என்று கேட்டால் அது செய்யும். தடுத்து நிறுத்துக என்று கேட்டால் அதற்குரிய கதவு வேறு.

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1995-ஆம் ஆண்டு விதிகளிலும் இச்சொல் உண்டு. 17-ஆம் விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ‘விஜிலன்ஸ் அண்ட் மானிட்டரிங் கமிட்டி’ அமைக்கப்பட வேண்டும். ஆட்சித் தலைவர் அதன் தலைவர். மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் அது கூட வேண்டும். நம் சமுதாயத்தைச் சேர்ந்த அலுவல்சாராத உறுப்பினர்களுக்கும் அதில் இடமுண்டு. பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம் சேர்ந்ததா, வழக்குகள் எந்நிலையில் உள்ளன, அலுவலர்கள் தத்தம் கடமையைச் செய்தனரா என்று அக்குழு ஆராய வேண்டும். வழக்கைப் புலனாய்வு செய்யும் கையோ, 7-ஆம் விதிப்படி, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியிடம் இருக்கிறது. குழு கண், அவர் கை. குழுவுக்கு எழுதும் மனுவில், எதிரியைக் கைது செய்க என்று கேட்டால், ‘எமது வரம்பில் இல்லை’ என்ற ஒரு வரியில் மனு முடிந்துவிடும். இத்தனையாம் நாள் பதிவான வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்றா, நிவாரணத்தின் எந்தத் தவணை எந்தத் தேதியில் தரப்பட்டது என்பதை அடுத்த கூட்டத்தில் ஆராய்ந்து குறிப்பில் பதிக என்று கேட்டால், குழு நழுவ வழியில்லை.

மானிட்டருக்கும் சூப்பர்வைசுக்கும் என்ன வேறுபாடு என்பதை உச்ச நீதிமன்றமே 2013-இல், நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் விளக்கியிருக்கிறது. நீதிமன்றம் ஒரு புலனாய்வை மானிட்டர் செய்வதாலேயே அதனைச் சூப்பர்வைஸ் செய்வதாகாது. சூப்பர்வைஸ் என்பது பார்ப்பதோடு பணியை எப்படிச் செய்வதென்று பணிப்பதும் ஆகும். மானிட்டர் என்பது விழித்துப் பார்த்திருப்பது மட்டுமே என்பது அதன் கருத்து. நாட்டின் உயர்ந்த நீதிபதிகள் உட்கார்ந்து இரண்டு வினைச்சொற்களைத் தராசில் வைத்தனர் என்றால், நாம் அவற்றை ஒன்றாகக் கட்டி எழுதுவது எவ்வாறு தகும்?

அதே 2013-ஆம் ஆண்டில் இன்னொரு தீர்ப்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, அரசால் கண்ட்ரோல் செய்யப்படும் அமைப்பும் தகவல் தரக் கடமைப்பட்டது என்கிறது. கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி தொடர்பான வழக்கில், பதிவாளர் அச்சங்கத்தைச் சூப்பர்வைஸ் செய்கிறார், ரெகுலேட் செய்கிறார் என்பது மட்டும் போதாது. கண்ட்ரோல் என்றால் உள்ளீடுடைய, உறுதியான பிடி இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டுக் கிடைக்காத நம் விவசாயி, அச்சங்கத்திடமே நேரே தகவல் கேட்டால் இத்தீர்ப்பைக் காட்டி மறுக்கக்கூடும். ஆனால் அத்தீர்ப்பிலேயே மற்றொரு வாயிலும் திறந்திருக்கிறது. பதிவாளர் பொது அதிகார அமைப்பு. சட்டப்படி அவர் சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம். எனவே மனு பதிவாளர் அலுவலகத்துக்குப் போகட்டும். இதே 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஒவ்வோர் அலுவலகமும் தன் மேற்பார்வை, பொறுப்புடைமைப் படிநிலைகளைத் தானே வெளியிட வேண்டும் என்கிறது. யாருடைய கண் யார்மேல், யாருடைய கை யார்மேல் என்னும் பட்டியல் அது. கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ரெகுலேட் என்றோமே, அது விதி வகுத்து அதற்குள் நடக்கச் செய்தல். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளை ரெகுலேட் செய்கிறது. அவற்றின் கிளையில் உட்கார்ந்து கடன் வழங்குவதில்லை.

கண்ட்ரோல் என்பதற்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தைக் கண்ட நம் பெரியோர், ‘கண்ட்ரோல் அரிசி’, ‘கண்ட்ரோல் துணி’ என்று பேசக் கேட்டிருப்பீர்கள். அங்கே அது பங்கீட்டுக் கடை என்றே பொருளாகிவிட்டது. அதன் பிறப்போ ஓர் ஏட்டில். இடைக்கால ஐரோப்பாவில் ஒருவர் எழுதும் கணக்குச் சுருளுக்கு எதிராக மற்றொருவர் ஒரு படி எழுதி வைத்திருப்பார். இரண்டையும் ஒப்பிட்டால் திருட்டு வெளிப்படும். அந்த எதிர்ச்சுருளின் பெயரிலிருந்தே கண்ட்ரோல் என்னும் சொல் வந்தது. சரிபார்த்தல் என்று தொடங்கிய சொல், சரிபார்ப்பவரின் பிடியில் மற்றவர் அடங்குவதால், ஆளுதல் என்னும் பொருளுக்கு வளர்ந்தது. எனவே கண்ட்ரோல் என்று எழுதினால் நிறுத்தவும் மாற்றவும் வல்ல கை அங்கே இருக்கிறது என்று பொருள். கை இல்லாத இடத்தில் அதனை எழுதுவது பொய். இருக்கிற இடத்தில் எழுதாமல் விடுவது இழப்பு.

இச்சொல் தனியே வராமல் இரு துணையோடு வருவதும் உண்டு. 1784-ஆம் ஆண்டுப் பிட் இந்தியச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியை அடக்க லண்டனில் ‘போர்ட் ஆஃப் கண்ட்ரோல்’ அமைத்து, சூப்பரிண்டெண்ட் செய்யவும் டைரக்ட் செய்யவும் கண்ட்ரோல் செய்யவும் அதற்கு அதிகாரம் தந்தது. பார்த்தல், பணித்தல், பிடித்து நிறுத்தல் என்னும் மூன்றும் சேர்ந்தால் நழுவ இடமில்லை என்பது வெள்ளையன் கண்ட தந்திரம். பின்வந்த இந்திய அரசுச் சட்டங்களிலும் அம்மூன்றும் தொடர்ந்தன. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு, வாக்குரிமையைக் காக்கும் இடத்தில் அதே மூன்று சொற்களை நிறுத்திற்று. அண்ணலே 1949 ஜூன் மாதத்தில் அரசியல் நிருணய சபையில் அப்பிரிவை முன்மொழிந்தார். இன்று 324-ஆம் பிரிவு எனப்படுவது அதுவே. சட்டம் வாய் திறவாத இடத்தில் தேர்தல் ஆணையம் தானே செயற்பட இச்சொற்கள் இடந்தருகின்றன என்று 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொண்டது.

ஊராட்சித் தேர்தலுக்கான 243-கே பிரிவிலும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அதே மூன்று சொற்கள் தரப்பட்டன. ஆயினும் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில், தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதற்காக, 1996 முதல் ஒழுங்கான தேர்தல் நடக்கவிடப்படவில்லை. வேட்புமனுவே வராது, வந்து வென்றால் உடனே பதவி விலகல். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் நின்றனர். சட்டம் மூன்று கைகளைத் தந்திருந்தது. அவற்றை நீட்டப் பத்தாண்டு பிடித்தது. கை இருந்தும் நீட்டாதவரிடம், உமக்கு இக்கை உண்டு என்று எடுத்துக்காட்டச் சொல் தெரிந்தவர் நம்மிடையே வேண்டும்.

எழுத்துப் பழக்கத்துக்குச் சில சொல்லி விடைபெறுகிறோம். சூப்பர்வைஸ், கண்ட்ரோல் என்னும் வினைகளுக்குப் பின் ‘ஓவர்’ சேர்க்காதீர்கள். ‘ஹீ கண்ட்ரோல்ஸ் ஓவர் த ஸ்டாஃப்’ என்று விடைத்தாள்களில் ஆண்டுதோறும் வருகிறது. பெயர்ச்சொல்லாக நிற்கையில் ‘கண்ட்ரோல் ஓவர்’ சரி. வினையாக நிற்கையில் வேண்டா. சூப்பரிண்டெண்ட் என்னும் வினை இன்று சட்டத்திலும் பதவிப் பெயரிலும் மட்டுமே உயிர் வாழ்கிறது. விண்ணப்பத்தில் எழுத வேண்டியதில்லை. கட்டட வேலையில் பன்னிரண்டு பேரை வேலை வாங்கிய இளைஞர் சூப்பர்வைஸ் என்று எழுதலாம். அவர்களுக்குக் கூலி பிரித்துக் கொடுத்து, சிமெண்டும் கம்பியும் வாங்கியவரும் அவரானால் மேனேஜ் என்று எழுதத் தயங்க வேண்டாம். நம் பிள்ளைகள் பெரிய சொல்லுக்கு அஞ்சி, செய்த வேலையையே குறைத்து எழுதிவிடுகின்றனர். பொறியாளருக்காக வருகையையும் வேலை முன்னேற்றத்தையும் குறித்து மட்டும் வைத்தவர் மானிட்டர் என்று எழுதுக; நேர்காணலில் கேள்வி வரும்.

கரும்பலகையில் நம் சங்க மாணவர் விடுதியின் விதிகளில் ஒன்றைத் தமிழில் எழுதியுள்ளோம்: ‘விடுதிக் காப்பாளரைச் செயற்குழு கண்காணிக்கும்.’ பதிவுத்துறைக்கு இதன் ஆங்கில வடிவம் தேவைப்படுகிறது. செயற்குழு காப்பாளரைச் சூப்பர்வைஸ் செய்யுமா, கண்ட்ரோல் செய்யுமா, மானிட்டர் மட்டும் செய்யுமா? அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் உறுப்பினர்களாகிய நீங்கள். தேநீருக்குப் பின் பேசுவோம்.